எல்லோருக்கும் கேட்கிற தேவசத்தம் எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுவயதிலிருந்தே சபைக்குப் போகிறேன், தினமும் காலையில் ஜெபிக்கிறேன். ஆனால் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று மற்றவர்கள் சொல்வதுபோல ஒருநாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. போன மாதம் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "நீ வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்தேன். தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படும்படி ஆபிராமுக்குச் சொல்லப்பட்ட ஆதியாகமம் 12:1 வந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. கீழ்ப்படியாமல் இருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. என் எண்ணம் எது, தேவசத்தம் எது என்று எப்படிப் பிரித்தறிவது? தேவசத்தம்தான் என்று தெரிந்தால் அதற்கு எப்படிக் கீழ்ப்படிவது?

பதில்: அன்புள்ள சகோதரி,

வேலையை விடுவதுபற்றி இன்னும் சில மாதங்களுக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். காத்திருப்பது கீழ்ப்படியாமை ஆகாது. எரேமியா 42-ஆம் அதிகாரத்தில், யூதாவில் மீந்திருந்தவர்கள் எகிப்துக்குப் போகலாமா என்று கர்த்தரிடம் விசாரிக்கச் சொல்லி எரேமியாவிடம் வருகிறார்கள். பாபிலோனியர் நியமித்த அதிபதி கொலையாகிவிட்டார். பாபிலோனியர் பழிவாங்க வருவார்களோ என்று ஊரே நடுங்குகிறது. அந்த நெருக்கடியிலும் பதில் வரப் பத்து நாள் ஆனது (42:7). தன் மனதில் பட்டதை முதல் நாளே சொல்லி எரேமியா அவர்களை அனுப்பிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, தேவசத்தம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் உள்ளே ஒலிக்கிற ஒன்று, அது மற்றவர்களுக்கு ஒலிக்கிறது, உங்களுக்கு ஒலிக்கவில்லை என்று நீங்கள் நம்புவது தெரிகிறது. வேதத்தில் உள்ள தீர்க்கதரிசிகளுக்கே எப்போதும் அப்படி இருந்ததில்லை. எரேமியா 32-ஐப் பாருங்கள். உறவினன் ஒருவன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கச் சொல்வான் என்று எரேமியாவுக்கு வார்த்தை வருகிறது. பிறகு அவன் வந்து அதையே கேட்கிறான். "அப்போதுதான் அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்தேன்" என்கிற கருத்தில் எரேமியா எழுதுகிறார் (32:8). அதன்பிறகே 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். தீர்க்கதரிசி நாத்தானுக்கு நேர்ந்தது இன்னும் தெளிவு. ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீது ராஜாவிடம் "உம்முடைய இருதயத்தில் உள்ளதைச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவே கர்த்தர் அவரைத் திருத்தி, மறுபடியும் தாவீதிடம் அனுப்பினார் (2 சாமுவேல் 7:3-5). நாத்தான் பொய்யர் அல்ல. நல்ல நோக்கத்தோடு, தன் சொந்த எண்ணத்தைக் கர்த்தருடைய பெயரில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். உங்கள் ஜெபக்குழுச் சகோதரி விஷயத்தை இந்த இடத்திலிருந்து யோசியுங்கள்.

ஆகவே கேட்கும் திறமையை விட நிதானிக்கும், அதாவது சோதித்து அறியும் பழக்கம்தான் உங்களுக்கு இப்போது அவசரமாகத் தேவை. சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று பலர் பயமுறுத்துவார்கள். பவுல் நேர்மாறாகச் சொல்கிறார்: "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:20-21). தேவனிடமிருந்து வந்த வார்த்தை சோதனையில் உடைந்துபோகாது. உடைந்துபோகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

பேசாத காலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86 (ஆதியாகமம் 16:16). அடுத்த வசனத்தில், கர்த்தர் தரிசனமாகும்போது அவருக்கு வயது 99. இடையில் உள்ள 13 வருடங்களில் தேவன் பேசியதாக வேதம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடங்களிலும் அவர் அழைக்கப்பட்டவர்தான்.

எந்தக் கேள்விக்கு எந்த மாதிரிப் பதிலை எதிர்பார்க்கலாம் என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வேதம் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்ட விஷயங்கள் உண்டு: வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது, மன்னிப்பது, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. இவற்றுக்கு இன்னொரு சத்தம் தேவையில்லை. "கர்த்தர் இன்னும் எனக்கு உணர்த்தவில்லை" என்று இங்கே சொல்வது சாக்குப்போக்கு. இரண்டாவது, இரண்டு வழியும் நல்லதாக இருக்கிற விஷயங்கள்: எந்த வேலை, எந்த வீடு, எந்தப் படிப்பு. இங்கே தேவன் நமக்கு ஞானத்தையும் சுதந்தரத்தையும் தருகிறார். மறுமணம் செய்ய நினைக்கிற விதவைக்குக்கூட, மணக்கப்போகிறவர் கர்த்தருக்குட்பட்டவராக இருக்கவேண்டும் என்ற ஒரே எல்லையை வைத்துவிட்டு, மற்றதை அவளுடைய இஷ்டத்துக்கே பவுல் விடுகிறார் (1 கொரிந்தியர் 7:39). மூன்றாவதுதான் விசேஷமான அழைப்பு. அது உண்டு, ஆனால் தினசரி நடப்பதல்ல. இரண்டாம் வகைக் கேள்விகளுக்கெல்லாம் மூன்றாம் வகைப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாமல் போகும். கடைசியில் உரத்துப் பேசுகிறவர் யாரோ, அவர் சொன்னதே தேவசித்தம் ஆகிவிடும்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். காலை ஜெபத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். இருபது நிமிட ஜெபத்தில் பத்தொன்பது நிமிடம் விண்ணப்பங்களாகவே போவதுதான் வழக்கம். இதை 25 நிமிடமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்க மேசைக் கடிகாரம் போதும். முதல் 2 நிமிடம் சும்மா உட்கார்ந்து மூச்சைச் சீராக்குங்கள். பிறகு ஒரு பகுதியை, 7 முதல் 12 வசனங்களுக்குள், வாய்விட்டு இரண்டு தடவை மெதுவாக வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குவது நல்லது. அது 16 அதிகாரங்கள்தான், சம்பவங்கள் குறுகியவை. தொடர்ச்சியாக வாசியுங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வேண்டாம். ஏறக்குறைய 10 நிமிடம், உங்களை நிறுத்திய ஒரு சொல்லிலோ வாக்கியத்திலோ தங்குங்கள். அதன்பின் 5 நிமிடம் எதுவும் கேட்காமல் அமைதி. மிச்ச நேரத்தில் எழுதுங்கள், அதைப்பற்றித் தேவனிடம் பேசுங்கள்.

உதாரணத்துக்கு மாற்கு 4:35-41. படகில் தண்ணீர் நிரம்புகிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் அவரை எழுப்பி, "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்கிறார்கள். நீங்கள் அந்தக் கேள்வியில் நின்றுவிடலாம். அப்போது, "இதிலிருந்து எனக்கு என்ன வாக்குத்தத்தம்?" என்று தாவாதீர்கள். முதலில், இந்தச் சம்பவத்தில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார் என்று பாருங்கள். தூங்குகிறவர், எழுப்பினால் எழுந்திருக்கிறவர், காற்றை அதட்டிவிட்டுப் பிறகே சீஷர்களைக் கேள்வி கேட்கிறவர். அடுத்து, அவர்களுடைய பயத்தில் என் பயம் எது என்று கேளுங்கள். உங்கள் நிலையில் வருகிற பதில் பெரும்பாலும் "கீழ்ப்படியாவிட்டால் தண்டிப்பாரோ" என்பதாக இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். கடைசியாக, இன்று நான் செய்யக்கூடிய ஒரு காரியம் இதிலிருந்து வருகிறதா? வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் நோட்டில் அதற்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும். காலிக்கட்டத்தைக் கற்பனையால் நிரப்புவதுதான் இந்தப் பயிற்சியில் நடக்கிற முதல் தவறு.

நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதியும் வேதப்பகுதியும், மனதில் வந்தது, நான் செய்யக்கூடியது, பின்னால் விளைந்தது. கடைசிப் பத்தியை அன்றே நிரப்பமுடியாது. மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பழைய பக்கங்களைப் பார்த்து நிரப்புங்கள். கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது எளிது: பதிவும் உண்டு, பிறகு சரிபார்ப்பும் உண்டு. மூன்று மாதம் எழுதியபின், உங்கள் சொந்த ஆசை எந்தத் தொனியில் பேசுகிறது, பயம் எந்தத் தொனியில் பேசுகிறது என்பது பக்கங்களிலேயே தெரியத் தொடங்கும். நினைவை மட்டும் நம்பினால் நிறைவேறியவை மட்டும் நினைவிருக்கும், நிறைவேறாதவை மறைந்துவிடும். "கர்த்தர் எப்போதும் எனக்குச் சொல்லுவார்" என்று மிக உறுதியாகப் பேசுகிறவர்களில் சிலர் எதையும் எழுதி வைக்காதவர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஐந்து நிமிட அமைதியில் என்ன நடக்கும்? அலுவலக வேலை நினைவுக்கு வரும், யாரோ சொன்ன கடுஞ்சொல் வரும், தூக்கம் வரும். தூக்கம் வந்தால் அது தூக்கக்குறைவால் வருவது; சோம்பல் என்று உங்களை ஏசவேண்டாம். ஓரேப் மலையில் "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்பதற்கு முன், சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் தந்தது அடையும் தண்ணீரும்தான். இரண்டு தடவை தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19:5-8). நடுவில் தூக்கம். களைத்த உடம்போடு பெரிய முடிவைத் தேடாதீர்கள். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத நீங்கள் உபவாசம் தொடங்குவதாக இருந்தால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

ஒரு எண்ணம் எவ்வளவு பலமாக வந்தது என்பதை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாது. அது எதை விட்டுச்செல்கிறது என்பதைக் கவனியுங்கள். 1521-இல் பம்பலோனா போரில் கால் உடைந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர்) இதைத்தான் கவனித்தார். வீரசாகசங்களைக் கற்பனை செய்யும்போது மகிழ்ச்சி, ஆனால் கற்பனை ஓய்ந்ததும் வெறுமை. கிறிஸ்துவுக்காகவும் பரிசுத்தவான்களின் வழியிலும் வாழ்வதை நினைக்கும்போதும் மகிழ்ச்சி, ஆனால் நினைப்பு ஓய்ந்த பின்னும் அது தங்கியது. அவர் பின்னாளில் வகுத்த விதிகளில் உங்களுக்கு இன்றைக்கே உதவுகிற ஒன்று உண்டு: மனம் இருண்டு வறண்டு கலங்கியிருக்கும்போது, ஏற்கெனவே தெளிவான நேரத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நீங்கள் இருப்பது அந்தக் கலக்கத்தில்தான்.

உணர்த்துதலும் குற்றச்சாட்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆவியானவர் உணர்த்தும்போது குறிப்பான ஒன்றைக் காட்டுவார்: இந்த நபரிடம் இன்று சொன்ன இந்த வார்த்தை தவறு, போய் மன்னிப்புக் கேள். செய்ய ஒரு காரியம் இருக்கும், செய்தபின் சமாதானம் வரும். குற்றச்சாட்டு பொதுப்படையாக இருக்கும்: நீ கீழ்ப்படியாதவள், உன்னைக் கர்த்தர் கைவிட்டுவிட்டார். செய்ய ஒன்றுமே இருக்காது, அல்லது எவ்வளவு செய்தாலும் போதாது. "உடனே செய், யாரிடமும் சொல்லாதே" என்று துரத்துகிற எண்ணத்தைச் சந்தேகியுங்கள். அவசரம் எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். பிள்ளையைக் காப்பாற்ற யோசேப்பு இராத்திரியோடு இராத்திரியாகத்தான் எகிப்துக்குப் புறப்பட்டார். ஆனால் அங்கே ஒரு உயிருக்கு ஆபத்து இருந்தது. உங்கள் வேலைக்கு அப்படி எதுவும் இல்லை.

இப்போது அந்த வசனம். "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு" என்று ஆபிராமிடம் சொன்னது நேராக உங்களுக்குச் சொன்னது என்றால், நீங்கள் தேசத்தையும் குடும்பத்தையும் சேர்த்தே விடவேண்டும். வேலையை மட்டும் விடச் சொல்கிறது என்று எதை வைத்து முடிவுசெய்தீர்கள்? சகோதரியின் வார்த்தை ஏற்கெனவே மனதில் இருந்தது, திறந்த பக்கத்தில் அதற்குப் பொருந்தியதை மனம் எடுத்துக்கொண்டது. விட்டுப் போவது, புறப்படுவது, அனுப்பப்படுவது எல்லாம் ஆதியாகமம் முதல் அப்போஸ்தலர் வரை நிறைந்து கிடக்கின்றன. கண்ணை மூடித் திறந்தால் அப்படி ஒன்று அகப்படுவது ஆச்சரியமல்ல. தேவன் எதிர்பாராத வசனத்தால் ஒருவரைத் தொட்டதே இல்லை என்பதல்ல இதன் பொருள். இதை ஒரு முறையாக வைத்துக்கொண்டு முடிவெடுக்கக்கூடாது. கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று கேட்ட அடையாளமும் அப்படித்தான். கர்த்தர் என்ன செய்யச் சொன்னார் என்பது கிதியோனுக்கு முன்பே தெரியும் (நியாயாதிபதிகள் 6:14-16). நம்பமுடியாமல்தான் கேட்டார், "கோபம் மூளாதிருப்பதாக" என்று தயங்கியே இரண்டாம் முறை கேட்டார். தேவனுடைய பொறுமைக்கு அது சாட்சி. வழி கண்டுபிடிக்கும் முறை என்று வேதம் அதை எங்கும் கற்பிக்கவில்லை.

அடுத்து, சகோதரியின் வார்த்தை. இன்னொருவர் மூலம் வருகிற வார்த்தையில் மூன்று பாகம் இருக்கும்: அவர் பெற்றது, அதற்கு அவர் கொடுக்கிற அர்த்தம், நீங்கள் செய்யவேண்டும் என்று அவர் சொல்வது. அப்போஸ்தலர் 21-இல் அகபு என்னும் தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டி, எருசலேமில் பவுல் இப்படிக் கட்டப்படுவார் என்றார். கட்டப்படுவார் என்பது செய்தி. ஆகவே போகக்கூடாது என்பது கூட இருந்தவர்கள் அழுதுகொண்டே சேர்த்த முடிவு. பவுல் செய்தியை ஏற்றார், முடிவை ஏற்கவில்லை, போனார். உங்கள் சகோதரி ஜெபத்தில் உண்மையாகவே உங்களைப் பற்றி ஒரு பாரத்தை உணர்ந்திருக்கலாம். "இவளைக் கர்த்தர் பயன்படுத்த விரும்புகிறார்" என்பது அதன் அளவாக இருந்திருக்கலாம். "வேலையை விடு" என்பது அவர் சேர்த்ததாக இருக்கலாம். அவரிடமே மரியாதையோடு கேளுங்கள்: "அக்கா, நீங்கள் ஜெபத்தில் உணர்ந்தது சரியாக எந்த வார்த்தை?" இப்படிக் கேட்டால் கோபப்படுகிறாரா, யோசித்துப் பதில் சொல்கிறாரா என்பதே உங்களுக்குப் பாதி பதில். தீர்க்கதரிசிகள் பேசும்போது "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்பது சபைக்கு உள்ள கட்டளை (1 கொரிந்தியர் 14:29). நிதானிக்க விடாதவர் அந்தக் கட்டளைக்கு வெளியே நிற்கிறார். "கர்த்தர் சொன்னார்" என்று ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கமுடியாது. அதனால்தான் அதைச் சொல்ல யாரும் அவசரப்படக்கூடாது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் ஜெபித்துப் பாருங்கள்" என்று சொல்வதால் ஆவியானவர் குறைந்துபோகமாட்டார்.

அழைப்பு உண்மையா என்று பார்க்க, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் படியுங்கள். அவருக்குச் சத்தம் கேட்டதாக எழுதப்படவில்லை. எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டார், அழுதார், கிஸ்லேயு மாதம் முதல் நிசான் மாதம் வரை ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தார். ராஜா கேட்டபோது கால அளவும், வழிக்கு வேண்டிய கடிதங்களும், மரங்களும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. எருசலேமுக்கு வந்து மூன்று நாள் கழித்து, சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இரவில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அதை "என் தேவன் என் மனதிலே வைத்தது" என்கிறார் (2:12). திட்டமிடுதலும் தேவசத்தமும் எதிரிகள் அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது இது. வேலையில் இருந்துகொண்டே, வாரத்தில் ஒரு மாலையை உங்களுக்குப் பாரமுள்ள ஒரு ஊழியத்துக்கு ஆறு மாதம் கொடுங்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியா சபையில் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்தபோதுதான் பிரித்தெடுக்கப்பட்டார்கள், அதுவும் சபை உபவாசித்து ஜெபித்தபோது (அப்போஸ்தலர் 13:1-3). ஆறு மாதத்தில் அந்த வேலைக்கு உங்களிடம் வரம் இருக்கிறதா, அதனால் பயன்பெறுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள், உங்கள் பாரம் கூடுகிறதா வற்றுகிறதா என்பதெல்லாம் தெரியும். கடன் எவ்வளவு, உங்களை நம்பியிருப்பவர்கள் யார், வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான் (லூக்கா 14:28).

பிறகு மூன்று பேரை ஒரு மாலை உட்காரச் சொல்லுங்கள்: வேதத்தை நன்றாக அறிந்த ஒருவர், வீட்டில் உங்களை நெருக்கமாகத் தெரிந்த ஒருவர், உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் ஆலோசனை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நண்பர்கள் சங்கம் என்னும் குவேக்கர் கிறிஸ்தவச் சபையில் உள்ள வழக்கத்தை ஒட்டியது இது. கேட்கிறவர்களுக்கு இது கடினம். ஆனால் பதில் சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து வருகிறதை நீங்களே கேட்பீர்கள். தனியாக ஜெபிக்கும்போது மறைந்திருந்த சுயவிருப்பமும் அங்கே வெளியே வரும்.

சின்னக் கீழ்ப்படிதல்களை இந்த ஆறு மாதமும் தள்ளிப்போடாதீர்கள். நோட்டின் மூன்றாவது பத்தியில் எழுதியதை, முடிந்தால் இரண்டு நாளுக்குள் செய்துவிடுங்கள். யாரிடமோ பேசாமல் இருக்கிறீர்கள் என்று வந்தால் போய்ப் பேசுங்கள். சிறுவன் சாமுவேலுக்கு முதல் தடவை கேட்ட தேவசத்தம் ஆசாரியன் ஏலியின் சத்தம் போலவே இருந்தது. மூன்று முறை எழுந்து ஓடிப்போய், "என்னைக் கூப்பிட்டீரே" என்று ஏலியின் முன் நின்றான். அவன் தவறாக ஓடியதற்கு யாரும் அவனைக் கண்டிக்கவில்லை. ஓடுகிற பழக்கம் அவனிடம் இருந்தது. எங்கே ஓடவேண்டும் என்பதை ஏலி சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வெளியிலிருந்து காதில் குரல் கேட்பது, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்வது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, தூங்காமலே பல நாள் மிதமிஞ்சிய உற்சாகத்தோடு இருப்பது, ஒரே பாவத்தை எத்தனை தடவை அறிக்கையிட்டாலும் மனம் அடங்காமல் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது ஆகியவை யாருக்கு இருந்தாலும் மனநல மருத்துவரிடம் போகவேண்டும். அதே நேரத்தில் ஜெபிக்கவும் செய்யலாம். ஒன்றைச் செய்தால் மற்றது கூடாது என்று சொல்கிற ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்தச் சகோதரி "என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்பார். அனனியா என்பவன் இரண்டு வருடத்துக்குள் எல்லாம் சரியாகும் என்று கர்த்தருடைய பெயரில் சொன்னபோது, எரேமியா "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். பழைய தீர்க்கதரிசிகளை நினைவூட்டினார், நிறைவேறும்போது தெரியும் என்றார். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அவன் உடைத்தபோது, அவர் சண்டைபோடாமல் தன் வழியே போனார். கர்த்தருடைய பதில் அதற்குப் பிறகுதான் வந்தது (எரேமியா 28:6-12). நீங்களும் அவ்வளவு சொன்னால் போதும்: "உங்கள் அன்புக்கு நன்றி அக்கா. போதகரிடமும் பேசி, ஆறு மாதம் ஜெபித்து நிதானிக்கிறேன். வேலையில் இருந்துகொண்டே வாரம் ஒருநாள் ஊழியத்துக்கு வருகிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." இதற்கு மேல் அழுத்தினால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த வாரமே போதகரைப் பார்த்து, நடந்ததை அப்படியே சொல்லிவையுங்கள்.